என்ன ராகம் என்று கேட்காதீர்கள்

சென்ற மாதம் மவுண்ட் ரொஸ்கில்லில் ஒரு நண்பர் வீட்டு விருந்து. சாப்பாடு முடிந்தபின் ஜோன் கோல்ட்ரேனின் 'அலபாமா'வைப் போட்டேன். அண்மைக் காலமாக இரவில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான். அடியில் பியானோ முணுமுணுக்க, மேலே சாக்ஸபோன் தனியே பேசத் தொடங்குகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஆலாபனை மாதிரியெல்லோ கிடக்கு. என்ன ராகம்?" என்றார் ஒருவர்.

"எல்லாம் ரவிசங்கரிட்டை எடுத்ததுதானே" என்றார் இன்னொருவர்.

பேச்சு சக்தி குழுவுக்கும், 2024இல் அது வாங்கிய கிராமிக்கும், வயலின் எல். சங்கரின் யாழ்ப்பாணத்துச் சிறுபராயத்துக்கும் போனது. பாட்டு முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

இதற்குப் பெயர் கேட்பதல்ல. ஒக்லாந்து விமான நிலையத்தில் கருவாடு தேடி எங்கள் பெட்டியைக் கிளறுவார்களே, அப்படித்தான் அடுத்தவர் பாட்டுக்குள் நாங்கள் எங்கள் சரக்கைத் தேடுகிறோம். புளூஸ் என்றால் சுத்த தன்யாசி. கன்ட்ரி என்றால் மோகனம். சுரங்கள் பொருந்தும்தான். பிழைப்புக்குக் கணினியில் தரவுகளைப் பொருத்திப் பார்ப்பவன் நான். பொருந்தியது எல்லாம் விளங்கியதாகாது. புளூஸ் பாடகர் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே குரலை நிறுத்துகிறார். சுத்த தன்யாசி என்று பெயர் வைத்தவுடன் அந்த நடு இடம் எங்கள் காதில் விழாமல் போகிறது.

கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தாரே என்பார்கள். வைத்தார். ரவிசங்கர்மீது அவருக்கு அவ்வளவு மதிப்பு. எங்கள் இசையை அவர் மாணவனாக இருந்து கேட்டார். நாங்களோ அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்காமல், ரசீதாக மடித்துப் பையில் வைத்திருக்கிறோம்.

பிக் மாமா தோர்ன்டன் 1952இல் பாடிய பாட்டில் 1956இல் எல்விஸ் புகழ் சம்பாதித்ததைப் பற்றி வாய் கிழியப் பேசுவோம். ஹாங்க் வில்லியம்ஸுக்கு இசை சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரை உலகம் மறந்ததென்று வருந்துவோம். பிறகு நாங்களே கறுப்பரின் பாட்டுக்கு வேறு தகப்பன் பெயர் எழுதுவோம்.

'அலபாமா' எதைப் பற்றியது? 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்துப் பெர்மிங்ஹாமில் கறுப்பர்கள் வழிபடும் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், கோல்ட்ரேன் இதை ஒலிப்பதிவு செய்தார்.

அந்த விருந்தில் இருந்த எங்களில் பலருக்கு 1995 ஜூலை 9 மறக்காது. நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் விமானம் குண்டு போட்ட நாள். உலகம் எங்களைக் கேட்கவில்லை என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். தேவாலயத்தில் செத்த பிள்ளைகளுக்காக ஒருவர் ஊதியபோது நாங்கள் கேட்டது: என்ன ராகம்?

நானும் யோக்கியனில்லை. சில வருடங்களுக்கு முன் காரில் இதே இசையைக் கேட்ட என் மகள், "அப்பா, இவர் ஏன் அழுறார்?" என்றாள். இங்கே பிறந்தவள், ராகம் தெரியாதவள். நான் அவளுக்குச் சுரம் விளக்கினேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரியாகக் கேட்டவள் அவள்தான்.

அடுத்த விருந்திலும் இதைப் போடுவேன். ஐந்து நிமிடம்தான். முடியும்வரை பேசாதிருங்கள்.