கயிற்றின் மறுமுனை யார் கையில்?

மார்கழி, தை மாதத்து இரவுகளில் வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கே செல்லும் கனவான்கள் பூவரசங்குளத்தில் வாகனத்தைச் சற்றே நிறுத்திப் பார்ப்பார்களாக. காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கும் வயற்கரையிலே ஒரு காவற்கொட்டில்; சிறு தீ; தீயருகே ஒருவன். ஒரு ரோர்ச் விளக்கும் இரண்டு யானைவெடியுமே அவன் படைக்கலம். விடியுமட்டும் அவன் தனியன்.

2019 முதல் 2024 வரை, ஒவ்வோர் ஆண்டும் இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் காட்டு யானைகளால் மாண்டனர். யானையை விடுவோம். கண்ணாடிப் புடையன் தீண்டினால்? தீண்டப்பட்டவன் ஓடலாகாது, நடக்கலாகாது, தாமதமின்றி ஆசுபத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படவேண்டும் என்கிறது மருத்துவம். தனித்திருப்பவனைத் தூக்குவோர் யார்?

சட்டம் இதனை அறியாததன்று. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நச்சுப்புகை தங்கக்கூடிய கலத்துள் இறங்குபவனின் இடுப்பிலே கயிறு கட்டப்படவேண்டும். அதன் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவன் பிடித்திருத்தல் வேண்டும். எத்துணை மனிதத்தன்மை வாய்ந்த விதி! ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமோ தொழில்கொள்வோன் எங்கே என்று கேட்கிறது. தன் நிலத்தைத் தானே காக்கும் கமக்காரனுக்குத் தொழில்கொள்வோன் யார்? நாட்டுக்குச் சோறிடுபவன் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியே அல்லன்!

யானை கொன்றபின் அரசு குடும்பத்துக்கு இழப்பீடு வழங்குகிறது. பிணத்துக்கு விலையுண்டு, உயிருக்குக் காவல் இல்லை. இரண்டாம் ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்று கேட்கும் அதிகாரிகளுக்கு எம் விடை: இழப்பீடு எந்தப் பெட்டியிலிருந்து வருகிறதோ, அதே பெட்டியிலிருந்து கொடுங்கள்.

நம்மவர் மீதும் குற்றமுண்டு. காலபோகக் கூட்டத்திலே விதைப்பு நாளுக்கு முடிவெடுக்கிறோம், நீர்ப்பங்குக்கு முடிவெடுக்கிறோம், கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம் விதிக்கிறோம். காவலிருப்பவனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினோமா? கொட்டிலுக்கு இருவர், அயற்கொட்டிலுக்கு மணிக்கொரு குரல், குரல் வராவிடில் உடனே ஆள் அனுப்புதல், ஊரிலே இரவெல்லாம் ஆயத்தமாய் ஒரு வாகனம்: இவற்றுக்குச் சட்டமன்றத்தின் அனுமதி எதற்கு? கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பேடு போதும். உத்தியோகம் பார்க்கும் நண்பர்களே, உங்கள் வயலையும் குத்தகைக்காரன் ஒருவன் தனித்திருந்தே காக்கிறான். அடுத்த காலபோகக் கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள், இப்பிரேரணையை வழிமொழியுங்கள்.