காத்திருந்து வாங்கவும் உரிமை இல்லையா?

பாண் விலையும் மண்ணெண்ணெய் விலையும் எழுதிப் பழகிய பேனா என்னுடையது. அது வீடியோ விளையாட்டுக் கருவிகளின் விலையைப் பற்றி எழுதப் புகுந்தால், "இந்த வயதில் உமக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பொருள் எதுவாயினும், அதை உடனே வாங்க இயலாதவனைச் சந்தை எவ்வாறு நடத்துகிறது என்பதுதான் எனது அக்கறை. ஆகவே எழுதுகிறேன். இங்கு தரும் விலைகள் யாவும் ஐக்கிய அமெரிக்கச் சந்தைக்குரியவை.

2025 ஓகஸ்டில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 இன் விலையை 50 டொலரால் உயர்த்தியது. 2020 நவம்பரில் 499 டொலருக்கு அறிமுகமான கருவி, ஐந்தாண்டு பழையதான பின்னர் 549 டொலர் ஆயிற்று. இறுவட்டு இயக்கி இல்லாத மலிவுப் பதிப்போ 399 இல் தொடங்கி 499 இற்கு ஏறிவிட்டது. மைக்ரோசொப்ட் அதே ஆண்டில் இரு தடவைகள் விலையேற்றி, 499 டொலர் எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸை 649 டொலராக்கியது. பழைய சரக்கு புதுச் சரக்கிலும் பார்க்க விலை கூடிய விந்தையை என்னென்பது!

முன்னர் இத்துறையின் வழமை இதற்கு நேர்மாறானது. பிளேஸ்டேஷன் 2 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஆம் ஆண்டில் 299 டொலர். 2002 இல் 199. 2004 இல் 149. 2006 இல் 129. 2009 இல் 99. 2005 நவம்பரளவில் 10 கோடிக் கருவிகள் சந்தைக்கு அனுப்பப்பட்டிருந்தன. உற்பத்தி நின்றபோது தொகை 15.5 கோடிக்கும் அதிகம். அதாவது, போட்டியாளரின் புதிய கருவி கடைக்கு வந்துவிட்ட பின்னரும் 5 கோடிக்கு மேற்பட்ட பழைய கருவிகள் விலைபோயின. அவற்றை வாங்கியவர் யார்? முதல் நாள் வரிசையில் நின்றவரல்லர். விலை தம் கைக்கு எட்டும்வரை பொறுத்திருந்தவர்களே. விலைக்குறைப்பு என்பது அவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட வாசல். இன்று அந்த வாசலைத்தான் அடைக்கிறார்கள்.

மலிவாக இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 2001 இல் நின்டெண்டோவின் கேம்கியூப் 199 டொலருக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 2 ஐவிட 100 டொலர் குறைவு. 2003 இல் 99 டொலருக்கே இறங்கியது. ஆயினும் மொத்த விற்பனை 2.17 கோடியைத் தாண்டவில்லை. பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் காட்டியது. விளையாட்டுகளின் தெரிவும் அதில் அதிகம். கொடுக்கும் காசுக்கு வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தே மக்கள் வாங்குகிறார்கள். வறியவரின் கணக்கு இன்னும் கூர்மையானது.

அந்தக் கணக்கை மதிக்காதவர்கள் பட்ட பாட்டுக்கு 2006 ஆம் ஆண்டே சாட்சி. பிளேஸ்டேஷன் 3 இன் இரு பதிப்புகள் 499 டொலருக்கும் 599 டொலருக்கும் வந்தன. மேலதிக நேரம் உழைத்தாவது இதை வாங்கவேண்டும் என மக்கள் எண்ண வேண்டும் என்ற பொருளில், அதன் தலைமைச் சிற்பி கென் குத்தராகி முன்கூட்டியே பேசியிருந்தார். உள்ளே புளூரே இயக்கி இருந்தது. தனிப் புளூரே கருவியொன்று 1,000 டொலரளவில் விற்ற காலம் அது. ஆகவே பணம் படைத்தவனுக்கு அது உண்மையில் மலிவு. பிள்ளைக்கு விளையாட்டுக் கருவி தேடிய தந்தைக்கோ அது கேளாத பண்டத்துக்கான கட்டணம். ஓராண்டு முந்தி வந்த எக்ஸ்பொக்ஸ் 360 இன் விலை 299 உம் 399 உம். அதே மாதத்தில் வந்த நின்டெண்டோ வீ, விளையாட்டொன்றும் சேர்த்து, 249 டொலர். உயர் துல்லியப் படம் காட்டவியலாத அந்த எளிய பெட்டி 10 கோடியைத் தாண்டியது. சோனி 2009 இல் 299 டொலருக்கு இறங்கி வந்த பின்னரே மூச்சுவிட்டது. முன்னைய கருவியின் விற்பனையில் பாதியைச் சற்றுக் கடந்ததோடு அதன் கதை முடிந்தது.

2013 இல் அதே பாடத்தை மைக்ரோசொப்ட் படித்தது. கினெக்ட் கமராவை வலிந்து சேர்த்து எக்ஸ்பொக்ஸ் வன்னை 499 டொலருக்கு விற்றது. பிளேஸ்டேஷன் 4 399 டொலர். ஏழு மாதம் செல்லுமுன் கமராவைக் கழற்றி விலையைச் சமப்படுத்தினார்கள். காலம் கடந்துவிட்டது. 2015 இல் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இன்று நிறுவனங்கள் சொல்லும் நியாயம் என்ன? பணவீக்கம், அமெரிக்கத் தீர்வை, முன்போல் மலிவடையாத சில்லுகள். இவற்றில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரவுப் பக்கத்தையும் காட்ட வேண்டாமா? பிளேஸ்டேஷன் 3 இல் இணையவழியே பிறருடன் விளையாடுவது இலவசம். இன்று பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அதற்கெனச் சந்தா கட்ட வேண்டும். அதன் ஆண்டுக் கட்டணம் 2023 இல் 60 டொலரிலிருந்து 80 ஆயிற்று. இறுவட்டு இல்லாத கருவியை வாங்கியவன் நண்பனிடம் இரவல் கேட்கவும் இயலாது. பாவித்த இறுவட்டைக் குறைந்த விலைக்கு வாங்கவும் இயலாது. நிறுவனத்தின் கடை ஒன்றே அவனுக்குக் கதி. மலிவுப் பதிப்பை வாங்கியவனே இந்தப் பொறியில் முதலில் விழுகிறான்.

2011 இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கருவி 249 டொலருக்கு வந்து தேங்கிப்போனது. ஐந்து மாதத்துக்குள் விலையை 169 ஆக வெட்டினார்கள். அதன் தலைவர் சட்டோரு இவாட்டா தமது சம்பளத்தில் பாதியையும் வெட்டிக்கொண்டார். கருவி பிழைத்தது; 7.5 கோடிக்கு மேல் விற்றது. அன்று கணக்குத் தவறியபோது தண்டம் கட்டியவர் தலைவர். இன்று தண்டம் கட்டுபவன், அடுத்த ஆண்டு விலை குறையும் என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்த தந்தை. அவனை வாக்குத் தவறியவனாக்கிய விலையேற்றத்தைச் சந்தை நியதி என்று சொல்ல என் பேனா ஒப்பவில்லை.