முன்பணமும் மூக்குடைந்த பொம்மையும்

ஆடி பிறந்ததும் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் வைபவம் களைகட்டுகிறது. அதே வேளையில் பல இல்லங்களில் வேறொரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. "இவ்வாண்டுக் கொலுவுக்குப் புதிதாக என்ன வாங்குவது?" என்பதே அது. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது கொலு வைக்கும் குடும்பங்களின் வழக்கம். மாமியார் காலத்து மரப்பாச்சி இணை, கடை விரித்து அமர்ந்திருக்கும் செட்டியார், பேரன் பிறந்த ஆண்டில் வாங்கிய தவழும் கண்ணன் என ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குடும்ப வரலாறு உண்டு. கொலுப்படி என்பது ஒரு வகையில் அவ்வீட்டின் நாட்குறிப்பேடு.

முன்னெல்லாம் பொம்மையைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, விரலால் தட்டி ஓசை கேட்டு வாங்கினோம். இன்று கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்து, முன்பணம் செலுத்தி, இரண்டு மூன்று மாதங்கள் காத்திருக்கிறோம். கடைத்தெரு நெரிசலில் நடக்க இயலாத முதியோர்க்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் பெட்டியைப் பிரிக்கும் நாளில்தான் மனம் வாடுகிறது. படத்தில் கண்ட புன்னகை பொம்மையில் இல்லை; விழி ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கிறது; விரல் நுனி உதிர்ந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்துக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. ஒரு வெளியூர்க் கடையில் முழுத்தொகையையும் முன்னதாகவே பெற்றுக்கொண்டு அனுப்பிய தசாவதாரத் தொகுப்பு அது. வாமனரின் குடை முறிந்திருந்தது. இராமபிரான் பரசுராமரின் தோளளவே இருந்தார். கடைக்காரரைக் கேட்டால், "எங்களிடமிருந்து நன்றாகத்தான் புறப்பட்டது, வண்டியில் உடைந்திருக்கும்" என்றார். வண்டிக்காரரைக் கேட்டால், "கட்டிய கட்டு சரியில்லை" என்றார். மகாளய அமாவாசைக்கு நான்கு நாட்களே இருந்தன. என் துணைவியார் ஒன்றும் சொல்லாமல் பழைய தசாவதாரத்தையே துடைத்து எடுத்து வைத்தார்.

இக்குறைகள் எங்கே பிறக்கின்றன என்பதை அறிந்துகொண்டால் பாதித் தொல்லை நீங்கும். எங்கள் காரியாபட்டிப் பகுதியினருக்குப் பொம்மை என்றால் திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள விளாச்சேரிதான் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக மண்பாண்டத் தொழில் செய்துவரும் குடும்பங்கள் அங்கே பிள்ளையார் சிலைகளையும் கொலுப் பொம்மைகளையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளையும் செய்கின்றன. களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, ஒட்டிய விளிம்பை வழித்துச் சீராக்குகிறார்கள். பின்னர் நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். அதன்பின் உப்புத்தாள் தேய்ப்பு, வெள்ளைப் பூச்சு, வண்ணம். கண் எழுதுவது கடைசியில்.

இந்த வரிசையில் ஒரு படி அவசரப்பட்டாலும் அதன் அடையாளம் பொம்மையில் தங்கிவிடும். சரியாக உலராத மண் சூளையில் வெடிக்கும், அல்லது மயிரிழை விரிசல் விடும். நெடுநாள் பயன்படுத்தித் தேய்ந்த அச்சில் எடுத்த பொம்மைக்கு மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். ஈரம் போகாத மேனியில் பூசிய வண்ணம் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். ஆவணி, புரட்டாசியில் மதுரைப் பக்கம் மாலைநேர இடிமழை வழக்கம். அந்நாட்களில் உலர்த்துவதற்கு வெயில் கிடைக்காது. வாங்குவோரின் நெருக்கடியோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகவே புரட்டாசியில் கேட்டுப் பெறும் பொம்மையைவிட ஆனியில் சொல்லி வைக்கும் பொம்மை பெரும்பாலும் நன்றாக அமைகிறது.

காகிதக்கூழ் பொம்மைகள் எடை குறைந்தவை, எளிதில் உடையா. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பரணில் வைத்தால் பூச்சி அரிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகள் பார்வைக்கு வழவழப்பானவை. விரல், வில், வேல் போன்ற மெல்லிய பகுதிகளில் சட்டென முறியும். எந்தப் பொருளில் செய்தது என்பதைக் கேட்டு எழுதி வாங்குவதே முதல் பாதுகாப்பு.

வண்ணக்குறையைவிட நம் போன்றோரை வருத்துவது வடிவக்குறை. பெருமாளின் மேல் வலக்கரத்தில் சக்கரமும் மேல் இடக்கரத்தில் சங்கும் இருப்பது பொது மரபு. தட்சிணாமூர்த்தி வலக்காலை முயலகன்மேல் ஊன்றி, இடக்காலை மடித்து அமர்ந்திருப்பார். ஆறுபடை வீட்டுத் தொகுப்பில் திருப்பரங்குன்றத்து முருகன் மணக்கோலத்தில் அமர்ந்தும், பழநி ஆண்டவர் கையில் தண்டத்துடன் நின்றும் காட்சியளிக்க வேண்டும். ஒரே அச்சில் ஆறு முருகனை எடுத்து, பீடத்தில் மட்டும் ஊர்ப்பெயரை மாற்றி எழுதி அனுப்பினால், அது ஆறுபடை வீடு ஆகுமா?

அதேவேளை பிழை எது, மரபு எது என்று பகுத்தறியும் பொறுப்பு நமக்கும் உண்டு. நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுவதைக் கண்டு, "தலைகீழாகச் செய்துவிட்டார்கள்" என்று ஒருவர் திருப்பி அனுப்பினால், மதுரை வெள்ளியம்பலத்தில் பெருமான் கால் மாறி ஆடிய கோலத்தை அவர் மறந்துவிட்டார் என்றே பொருள். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் வலக்கரத்தில் சங்கையும் இடக்கரத்தில் சக்கரத்தையும் ஏந்தியிருக்கிறார். தசாவதாரத்தில் பலராமர் இடம்பெறும் வழக்கமும் உண்டு. புத்தரைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. நம் இல்ல வழக்கம் எதுவோ அதை முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டுப் பின்னர் கோபிப்பது முறையன்று.

பூசையறைக்கு ஐம்பொன் திருமேனி செய்யச் சொல்வோர்க்கு வேறு வகைக் கவனம் தேவை. சுவாமிமலை வெண்கலத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே ஸ்தபதிகள் தென்னங்கீற்றை மடித்து அளவு குறித்துக்கொண்டு, மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்க்கிறார்கள். வார்த்தபின் மண்கூட்டை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கூட்டிலிருந்து ஒரு திருமேனிதான். படத்தில் கண்ட மற்றொன்றைப் போலவே அச்சாக அமைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உயரம், தோராய எடை, கிலோவுக்கு என்ன விலை, பீடமும் திருவாசியும் அதில் சேர்ந்தவையா என்பவற்றை எழுதி வாங்குவது நலம். இயலுமானால் மெழுகு உருவ நிலையிலேயே நேரில் சென்றோ படம் பெற்றோ பார்த்துவிட வேண்டும். திருத்தம் சொல்ல ஏற்ற தருணம் அதுவே. உலோகமான பின் திருத்துவது அரிது.

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். முழுத்தொகையையும் முன்பே கொடுத்துவிடுவது வாங்குவோர்க்கு நல்லதன்று. ஒன்றுமே கொடுக்காமல் செய்யச் சொல்வது செய்வோர்க்கு நியாயமன்று. மண்ணுக்கும் விறகுக்கும் வண்ணத்துக்கும் கூலிக்கும் அவர்களுக்கு முதல் வேண்டும். நம் முன்பணம் இல்லையெனில் கைவினைஞர் வட்டிக்கு வாங்க நேரிடும். மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகவும், மற்றொரு பங்கை வண்ணம் தீட்டிய பொம்மையின் படத்தைப் பார்த்த பின்பும், எஞ்சியதைப் பொருள் கைக்கு வந்த பின்பும் தருவதாகப் பேசிக்கொள்வது இரு சாராருக்கும் பொருந்தும். இரசீதில் பொம்மைகளின் எண்ணிக்கை, உயரம், செய்பொருள், ஒப்படைக்கும் நாள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

பெட்டி வந்ததும் அதை ஒருவர் பிரிக்கையில் மற்றொருவர் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்வது நல்லது. பேரப்பிள்ளைகள் இதை ஆர்வத்துடன் செய்வார்கள்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. மாதிரியையோ விவரத்தையோ காட்டி விற்ற பொருள் அதற்கு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே கூறுகிறது. இணையவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குறையுடைய பொருளையோ சொன்னபடி அமையாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க இயலாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்க.

எனினும் நவராத்திரி வாசலில் நிற்கையில் வழக்கும் வாதமும் பயன்படா. குறையுடைய பொம்மை வந்துவிட்டால் என் செய்வது என்று கலங்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் மூர்த்தத்தைப் போலக் கொலுப் பொம்மைக்கு நாம் பிராணப் பிரதிஷ்டை செய்வதில்லை. அம்பிகையை ஆவாகனம் செய்வது கலசத்தில். ஆகவே வண்ணம் பெயர்ந்ததையும் சிறு விரிசலையும் சீர்செய்து வைப்பதில் தயங்க வேண்டியதில்லை. அங்கம் முறிந்த தெய்வ வடிவத்தை வைப்பதில்லை என்பது பல இல்லங்களின் வழக்கம். அவ்வாறாயின் அதைத் தனியே எடுத்து வைத்து, பொம்மை செய்வோரிடம் செப்பனிடக் கொடுக்கலாம். படியில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதால் பூசை குறைவுபடாது.

கைவினைஞரிடம் குறையைச் சொல்லும்போது, இத்தனை விரலும் இத்தனை விழியும் எழுதிய கைக்கு உரிய மரியாதையோடு சொல்வோம். குறை சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்கினால், அதே தேய்ந்த அச்சு அடுத்த ஆண்டும் வேறொரு வீட்டுக்குப் பொம்மை அனுப்பும். பணிவோடும் தெளிவோடும் சொல்லப்படும் குறை, செய்பவரையும் உயர்த்தும், வாங்குபவரையும் காக்கும்.

இவ்வாண்டு கொலு வைக்கும் இல்லங்கள் அனைத்திலும் அம்பிகை குறைவின்றி எழுந்தருளட்டும். முன்பதிவு செய்ய எண்ணுவோர் இவ்வாரமே சொல்லிவிடுங்கள். வெயில் இருக்கும்போதே மண் உலரட்டும்.