வேலை முடிந்த பின் பேச்சு மாறலாமா?

சொல்லிச் செய்விக்கிற மரக் கடிகாரம் என்றால், அது சீமான் வீட்டு அலங்காரச் சாமான்தானே, அதில் உழைப்பாளிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! அதில் கூலியின் கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஜான் ஹாரிஸன் என்றொரு தச்சர் இருந்தார். 1693-ல் பிறந்தவர், தகப்பனாரும் தச்சர். எந்தக் கடிகாரக்காரரிடமும் தொழில் பழகியவரல்ல. தாமாகவே மரத்தில் கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டார். 1720-ஐ ஒட்டி, அந்த வட்டாரத்து நிலப்பிரபு சார்லஸ் பெல்ஹாம், பிராக்கல்ஸ்பி பார்க்கில் இருந்த தம் குதிரை லாயக் கோபுரத்துக்கு ஒரு கடிகாரம் செய்து தரச் சொன்னார்.

சக்கரங்களுக்குத் தச்சர் எடுத்தது ஓக் மரம். பல் முறியாமலிருக்க, ஒவ்வொரு பல்லிலும் மரத்தின் ரேகை நெடுக ஓடும்படி துண்டு துண்டாகச் சேர்த்தார். அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எண்ணெயே வியாதி. அது கெட்டியாகும், தூசி பிடிக்கும், கடிகாரம் தடுமாறும். ஆகவே உராய்கிற இடங்களில் லிக்னம் விட்டே என்ற மரத்தை வைத்தார். மேற்கிந்தியத் தீவுப் பக்கம் வளரும் அந்த மரத்துக்குத் தன் பசையே எண்ணெய். பெண்டுலத்தைத் தள்ளிவிடும் பாகம் தொல்லை தந்தபோது அதை மாற்றி, வெட்டுக்கிளியின் கால்போல உதைத்து விலகும் புதிய பாகம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பூட்டினார். 300 ஆண்டுகள் ஆகியும் பெயர் சொல்லி நிற்கிறது அந்தக் கடிகாரம். உளி பிடித்த கைக்கு மூளை இல்லை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அதே தச்சரிடம் வேலை வாங்க இன்னொருவரும் வந்தார். அவர்தான் பிரிட்டிஷ் சர்க்கார். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று திட்டமாகச் சொல்லும் வழி காண்பவருக்கு 20,000 பவுன் பரிசு என்று 1714-ல் சட்டமே செய்தது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். ஹாரிஸன் அதற்காக வாழ்நாளையே கொடுத்தார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் அது காட்டிய பிசகு 5 விநாடி!

பணம் வந்ததா? பரிசுக் கமிட்டியில் இருந்தவர்கள் கடற்படைத் தளபதிகளும் சர்வகலாசாலைப் பேராசிரியர்களும். "இது தற்செயல், இன்னொரு முறை காட்டு" என்றார்கள். 1764-ல் பார்படோஸ் பயணத்திலும் கடிகாரம் ஜெயித்தது. உடனே புது நிபந்தனை: "கழற்றிக் காட்டு, ரகசியத்தைச் சொல், பாதிப் பணம் தருகிறோம்." மீதிக்கு, இதே மாதிரி இன்னும் செய்து காட்ட வேண்டுமாம்! இடையிடையே சோதனைச் செலவுக்குப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் பேசிய முழுப் பரிசை அந்தக் கமிட்டி கொடுக்கவேயில்லை. அரசரிடம் முறையிட்டு, பார்லிமெண்டு தலையிட்டு, 1773-ல் 8,750 பவுன் கிடைத்தபோது தச்சருக்கு வயது 80. 1776-ல் காலமானார்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? அறுப்புக்கு முன்னே பேசியது ஒரு கூலி, களத்தில் அளக்க வரும்போது மரக்கால் சிறுத்துப்போகிறதே, அது என்ன? பீஸ் ரேட் பேசி ஓட்டச் சொல்லிவிட்டு, கணக்கு முடிக்கும்போது "தரம் போதாது" என்று பிடிக்கிறார்களே, அது என்ன? பேச்சு மாறுவது எப்போதும் வேலை முடிந்த பிறகுதான். ஏனென்றால் அப்போது பொருள் அவர்கள் கையில். நம் கை வெறுங்கை.

இரண்டு காரியம் செய்வோம். கூலியையும் அளவையும் வேலை தொடங்குமுன்பே எழுத்தில் வாங்குவோம், தனி ஆளாக அல்ல, சங்கமாக நின்று. நம் வீட்டுக்குக் கதவோ கட்டிலோ செய்யும் தச்சரிடமும் பேசிய கூலியைப் பேசியபடி கொடுப்போம். அங்கே பேரம் பேசிக் குறைத்துவிட்டு, மில் வாசலில் நியாயம் கேட்க நமக்கு வாய் ஏது?

ஹாரிஸன் தனியாள். நியாயம் கிடைக்க ஒரு வாழ்நாள் பிடித்தது. நாம் தனியாள் அல்ல!