சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் எங்கே?

காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான் உங்கள் பிள்ளை. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து உதறுகிறீர்கள். பையிலிருந்து விழுகிறது ஒரு சிகரெட் பெட்டி! உங்களுக்குப் பகீரென்கிறது. "இதற்காகவா உன்னைப் பெற்று வளர்த்தேன்?" என்று கண்ணைக் கசக்குகிறீர்கள். புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறீர்கள். அவனோ, "அதையெல்லாம் ஐம்பது வயசிலே பார்த்துக் கொள்ளலாம், அம்மா!" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறான்.

அழுகையைச் சற்றே ஒத்திப் போடுங்கள். "இப்போதெல்லாம் விளையாடப் போகிறாயாடா, ராஜா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இது என்ன சம்பந்தமில்லாத கேள்வி என்கிறீர்களா? சம்பந்தம் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் 140 கல்லூரிகளின் மாணவர்களை விசாரித்து, 1997-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். விளையாட்டுகளில் ஈடுபட்ட மாணவர்களிடம் சிகரெட் பழக்கம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாம். விளையாடுகிறவன் மூச்சைப் பெரிதாக நினைத்துச் சிகரெட்டைத் தொடாமல் இருக்கலாம். சிகரெட் பிடிக்கிறவன் மூச்சு வாங்குகிறதென்று ஆட்டத்தை விட்டுவிடவும் செய்யலாம். இரண்டும் நடக்கக் கூடியவைதான்.

மூச்சு ஏன் வாங்குகிறது? நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்லும் வண்டி அது. சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் அந்த வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்து கொள்கிறது. போதாக் குறைக்கு, நிகோடின் இருதயத்தை வேகமாக அடித்துக் கொள்ள வைக்கிறது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் இருபது வயதுக் காளைக்கு இளைக்கிறது. நோய் முப்பது வருஷம் கழித்துச் சொல்லப்போகும் சேதியை, மைதானம் இன்று சாயங்காலமே சொல்லிவிடுகிறது!

நல்ல சேதியும் உண்டு. சிகரெட்டை விட்ட ஓரிரு நாளில் அந்த விஷவாயு ரத்தத்தை விட்டுப் போய்விடும். 2 முதல் 12 வாரங்களுக்குள் நுரையீரல் தெளிவடையத் தொடங்கும். ஓடிப் பார்க்கிற பிள்ளைக்கு அது தானே தெரியும். உங்கள் உபதேசம் வேண்டியதில்லை.

ஆனால், கையில் பந்து இருந்தால் போதும், பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். அதே ஆராய்ச்சியில், வாயில் அடக்கும் புகையிலையும் மிதமிஞ்சிய மதுவும் விளையாடுகிறவர்களிடம்தான் அதிகம் காணப்பட்டன. நம் நாட்டிலேயே 1996-ல் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட், ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கித்தானே நடந்தது! புகையிலை விளம்பரத்துக்கும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதற்கும் 2003-ம் வருஷத்துச் சட்டம் தடை போட்டிருக்கிறது. இருந்தாலும், சட்டம் வீட்டுக்குள் வந்து காவல் இருக்க முடியுமா?

கடைசியாக ஒரு வார்த்தை; கோபித்துக் கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்புக்கு வந்ததுமே, "விளையாடினது போதும், புத்தகத்தை எடு" என்று சொன்னது யார்? நாம்தானே? ஐந்திலிருந்து ஆறு மணி வரை மைதானத்தில் இருந்த பிள்ளையை வீட்டுக்கு இழுத்து வந்தோம். காலேஜுக்குப் போனதும் அதே ஒரு மணி நேரம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. மைதானத்தை அதற்குள் மறந்துவிட்டான். பெட்டிக்கடை வாசலில் சிநேகிதர்கள் நின்றிருந்தார்கள்.

பரணில் அவனுடைய பழைய பாட்மிண்டன் மட்டை தூசி படிந்து கிடக்கும். இறக்கித் துடைத்துக் கொடுங்கள். தங்கை இருந்தால் அவள் கையிலும் ஒன்றைக் கொடுத்து, இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். சிகரெட் பேச்சை அவன் விளையாடிவிட்டு வந்த பிறகு எடுங்கள். அப்போது காது கொடுத்துக் கேட்பான்.