கழுத்து நீண்டா தப்பா?



"உனக்கு டிராயிங் வருமா?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டால் வகுப்பே கை தூக்கும். அதே கேள்வியை எங்க ஒன்பதாம் வகுப்பில் வந்து கேளுங்க. நாலைஞ்சு கைதான். மத்தவங்க "எனக்கு வராதுப்பா"ன்னு ஒதுங்கிடுவாங்க. அப்படி ஒதுங்குறவங்கள்ல பல பேர் லீவு நாள்ல அப்பாவோட, சித்தப்பாவோட படகில் போறவங்க. ஏரியில் எந்தப் பறவை எங்கே நிக்கும், நண்டு எந்தச் சேத்துல கிடக்கும்னு மத்த எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்சவங்க. நேரில் பார்த்தவனுக்கு வரைய வராது, சார்ட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறவனுக்கு வரும் என்றால் எங்கேயோ கோளாறு இருக்கு.

ஒரு ஓவியப் போட்டி. எங்கே, எப்போன்னு சொல்ல மாட்டேன். ஒரு பையன் பூநாரை வரைஞ்சான். கழுத்து தாளோட மேல் ஓரம் வரைக்கும் போய் வளைஞ்சு கீழே இறங்குது. கால் ரெண்டும் மூங்கில் கழி மாதிரி. உடம்பு நடுவுல ஒரு சின்ன முட்டை, அவ்வளவுதான். பார்த்த எல்லோரும் சிரிச்சாங்க, ஆனா எல்லோருக்கும் அது பூநாரைன்னு தெரிஞ்சது. "கழுத்து இவ்வளவு நீளமா இருக்குமா?"ன்னு கேட்டு ஒதுக்கிட்டாங்க. பரிசு வாங்கினது, காலண்டர்ல வர்ற அன்னத்துக்கு ரோஸ் கலர் அடிச்ச மாதிரி ஒரு படம். சுத்தமா, அழகாத்தான் இருந்தது. ஆனா அது பூநாரை இல்லை. அந்தப் பையன் அதுக்கப்புறம் வரையறதில்லை.

என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். மிருகம், பறவை வரையக் கத்துக்கிறவங்க முதல்ல கத்துக்க வேண்டியது எளிமையா, கொஞ்சம் மிகைப்படுத்தி வரையறதைத்தான். அளவு, நிழல், கட்டம் போட்டுப் பெரிசாக்குறது எல்லாம் அதுக்கு அப்புறம் வரட்டும்.

குளிர் மாசத்துல ஏரிக்கரையில நின்னு பாருங்க. பறவைங்க தூரத்துல நிக்கும். கண்ணு தெரியாது, இறகு தெரியாது. வெயில் எதிர்ல இருந்தா கலரும் தெரியாது, எல்லாம் கறுப்பு உருவம்தான். ஆனா நம்ம தாத்தாங்க நெத்தியில கை வெச்சுப் பார்த்துட்டு அது கொக்கு, இது கூழைக்கடா, அதோ அது பூநாரைன்னு பிரிச்சுச் சொல்லிடுவாங்க. எப்படி? கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கி உடம்போட வெச்சுக்கும். பூநாரை கழுத்தை முன்னால நீட்டும், காலைப் பின்னால நீட்டும். ரெக்கை முளைச்ச குச்சி ஒண்ணு பறக்கிற மாதிரி இருக்கும். உடம்போட ஒப்பிட்டா இவ்வளவு நீளமான கழுத்தும் காலும் வேற பறவைக்கு இல்லை. 4 அடி உயரம் நிக்குது, எடை 2 முதல் 4 கிலோதான்! மிகைப்படுத்தினது அந்தப் பையன் இல்லை, இயற்கையே மிகைப்படுத்தித்தான் வெச்சிருக்கு.

இதை நான் கழித்தல் கணக்குன்னு சொல்லுவேன். ஒரு சாதாரணப் பறவையை மனசுல வெச்சுக்கோங்க, காக்கான்னே வெச்சுக்கலாம். பூநாரையில இருந்து காக்காவைக் கழிச்சா மீதி என்ன? நீளக் கழுத்து, நீளக் கால், நடுவுல உடைஞ்சு கீழ வளைஞ்ச அலகு. அந்த மீதியை மட்டும் பெரிசாக்கணும். மத்ததெல்லாம் ஒரு முட்டை வட்டம் போதும். கூழைக்கடாவுல காக்காவைக் கழிங்க. மீதி பெரிய அலகும் அதுக்குக் கீழ தொங்குற பையும். அந்தப் பை சோத்து மூட்டை இல்லை, கைவலை. தண்ணியோட மீனை அள்ளி, தண்ணியை வடிச்சுட்டு முழுங்கும். இது தெரிஞ்சவன் பையை வலை மாதிரி தொங்க விட்டு வரைவான். தெரியாதவன் கன்னம் வீங்கின வாத்து வரைவான்.

இது என் சொந்தக் கற்பனைன்னு நினைக்காதீங்க. நிக்கோ டின்பர்கன் என்று ஒரு விஞ்ஞானி. 1613-ல் நம்ம ஊர்ல ஜெல்டிரியா கோட்டை கட்டினாங்களே, அதே டச்சு நாட்டுல பிறந்தவர். 1973-ல் நோபல் பரிசு வாங்கினார். கடற்காகத்தோட மஞ்சள் அலகுல ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினா தாய் இரை கொடுக்கும். அவர் அசல் தலை மாதிரியே ஒரு பொம்மைத் தலையும், மூணு வெள்ளைக் கோடு போட்ட மெல்லிசான ஒரு சிவப்புக் குச்சியும் குஞ்சுங்களுக்குக் காட்டினார். குஞ்சுங்க எதை அதிகமாக் கொத்தினது தெரியுமா? குச்சியை!

நம்ம ஊர்க்காரங்க பெரிய வைத்தியம்னா போற சென்னை ஸ்டான்லியில டாக்டருக்குப் படிச்சவர் வி.எஸ்.ராமச்சந்திரன், மூளை ஆராய்ச்சியாளர். அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைன் என்பவரும் சேர்ந்து 1999-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. சதுரத்தை விட்டுட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுத்தா தீனி கிடைக்கும்னு ஒரு எலியைப் பழக்கினா, அது இன்னும் நீளமான நீள்சதுரத்தைக் கண்டா இன்னும் ஆர்வமா ஓடும். மூளை பிடிச்சுக்கிறது வித்தியாசத்தைத்தான். அதைக் கூட்டிக் காட்டுறதுதான் கேலிச்சித்திரம், சோழர் காலப் பார்வதி சிலையிலும் அதே வேலைதான் நடக்குதுன்னு அவங்க சொல்றாங்க.

ஆனா ஒண்ணு. எதைப் பெரிசாக்கினாலும் மிகைப்படுத்தல் ஆகிடாது. டி.வி. கார்ட்டூன் பார்த்துட்டு நண்டுக்கும் மீனுக்கும் பெரிய கண்ணு, இமை முடி, பல் தெரியற சிரிப்பு எல்லாம் வரையறாங்க. (கீழ் வகுப்புத் தம்பி தங்கைகள் கோவிச்சுக்காதீங்க!) அதுல நண்டைக் கழிச்சா மீதி ஒரு மனுஷ மூஞ்சிதான். நண்டுகிட்ட இருக்கறதைப் பெரிசாக்குங்க. நம்ம ஏரி நண்டோட கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். அதை ரெண்டு மடங்கு அகலமாப் போடுங்க. கடற்கரை மணல்ல ஓடுற சின்ன நண்டுக்குத் துடுப்பு கிடையாது, கூரான கால்தான், ஆனா கண்ணு குச்சி மேல நிக்கும். அங்கே கண்ணைப் பெரிசாக்கலாம், தப்பில்லை. திருப்பிப் போட்ட நண்டுன்னா வயித்து மூடி ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு அகலம். நண்டு வாங்குற அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச இந்த விஷயம் எந்த டிராயிங் புத்தகத்துலயாவது இருக்கா?

இறாலைப் பத்தி ஒரு வார்த்தை. நாம வரையற இறால் எல்லாம் வட்டமாச் சுருண்டிருக்கும். உயிரோட நீந்துற இறால் அப்படிச் சுருளாது. நாம வரையறது குழம்புல வெந்த இறால்!

"முதல்ல சரியா வரையக் கத்துக்கோ, அப்புறம் இஷ்டப்படி வளைச்சுக்கோ" என்று எங்க டிராயிங் சார் சொல்லுவார். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுல ஓவியம் எழுதப் போறவங்களுக்கு அளவு முக்கியம், ஒத்துக்கறேன். அவர் பக்கம் பிக்காசோகூட இருக்கார். 1945 கடைசியில ஆரம்பிச்சு 1946 ஜனவரி வரைக்கும் ஒரு காளையை 11 தடவை அச்சுப்படமாப் போட்டார். முதல்ல நிஜக் காளை மாதிரி, போகப் போகக் கோடு குறைஞ்சு, கடைசியில சில கோடு மட்டும். சார் சொல்ற வரிசைதான். ஆனா சார், பிக்காசோவுக்கு அப்போ 64 வயசு. பன்னிரண்டு வயசுப் பையன் அந்த வரிசையில முதல் படத்துலயே நின்னு, "எனக்கு வராது"ன்னு பென்சிலைக் கீழ வெச்சுடறான்.

மாமல்லபுரம் போனவங்க அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீங்க. அதுல யானைங்க அசல் யானை மாதிரியே நிக்கும். அதே பாறையில ஒரு பூனை ரெண்டு முன்னங்காலையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் தவம் பண்ணும், சுத்தி எலிங்க. அப்படி எந்தப் பூனையும் நிக்காது. பல்லவர் காலத்துச் சிற்பிக்கு யானைக்கு ஒரு முறை, பூனைக்கு ஒரு முறைன்னு தெரிஞ்சிருக்கு. நமக்கு மட்டும் ஏன் ஒரே முறைக்கு மார்க்?

அதனால ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓவியப் போட்டியில "பார்க்காமல், பத்துக் கோட்டுக்குள் ஓர் ஏரி உயிரினம்" என்று ஒரு பிரிவு வையுங்க. படத்துக்கு அடியில பேர் எழுதக் கூடாது. எந்தப் பறவை, எந்த மீன்னு பார்த்தவுடனே சொல்ல முடிஞ்சா மார்க் போடுங்க. நடுவரா, படகு ஓட்டுற தாத்தா ஒருத்தரையும் கூப்பிடலாம்.

நண்பர்களே, இந்தத் தாளுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை சார்ட் ஒட்டியிருக்கோம். நூல்ல பென்சில் கட்டி விட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் யார் வேணும்னாலும் வரையலாம், "எனக்கு வராது"ன்னு சொல்றவங்க முதல்ல வாங்க. ரப்பர் வைக்கலை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி