மார்க்கைக் காட்டு, குரூப்பைச் சொல்கிறேன்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "மார்க் எவ்வளவு?" 450-க்கு மேல் என்றால், "அப்போ ஃபர்ஸ்ட் குரூப்தானே!" 350 என்றால், "சரி விடு, காமர்ஸ் எடுத்துக்கலாம்." அந்த "சரி விடு" இருக்கிறதே, அது துக்கம் விசாரிக்கிற தொனி. பையன் பாஸாகித்தான் இருக்கிறான் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகிறது :-)

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "காலேஜில் என்ன படிக்கப் போகிறாய்?"

1978-ல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. கல்லூரிக்குப் போகும் முன்வாசல் அது. வாசல் எந்த அறைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு நுழைவதுதானே புத்திசாலித்தனம்? நம் ஊரில் குரூப் என்பது பத்தாம் வகுப்பு மார்க்குக்குக் கொடுக்கிற மெடல். தங்கம் சயின்ஸுக்கு, ஆறுதல் பரிசு காமர்ஸுக்கு.

இதனால் அடிபடுவது இரண்டு பேர்.

ஒருத்தி 340 எடுத்தவள். நர்ஸ் ஆக ஆசை. பி.எஸ்சி. நர்சிங் படிக்க பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். "இந்த மார்க்குக்கு சயின்ஸ் கிடையாது" என்று பள்ளி சொல்லிவிட்டால், பதினைந்து வயதிலேயே அவளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இன்னொருத்தன் 480 எடுத்தவன். அவனுக்கு ஆடிட்டர் ஆக ஆசை. "இவ்வளவு மார்க் வாங்கிட்டு காமர்ஸா?" என்று வீடே கூடி அவனை பயோ-மேத்ஸில் தள்ளுகிறது. சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதம்-புள்ளியியல், பொருளியல். எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், உண்மைதான். ஆனால் காமர்ஸ் பையன் இரண்டு வருடம் பழகிய டெபிட், கிரெடிட்டை இவன் அங்கே அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பயோ-மேத்ஸ் எடுத்தால் இரண்டு வாசலும் திறந்திருக்கும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க்குக்கு அங்கே இடமே இல்லை. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். 720 மார்க்கும் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு. கணிதம் கிடையாது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடம் கட்-ஆஃபில் சேராத சுமை. முடிவு பண்ண முடியாதவர்களுக்கு அது ஒரு இன்ஷூரன்ஸ், ஒப்புக்கொள்ளலாம். ஏற்கெனவே முடிவு பண்ணியவனுக்கு எதற்கு அந்த பிரீமியம்?

பெற்றோர் தரப்பில் பலமான வாதம் இதுதான்: "சயின்ஸிலிருந்து காமர்ஸுக்கு வரலாம், காமர்ஸிலிருந்து சயின்ஸுக்குப் போக முடியாது." சரியான பேச்சு. ஆனால் அது போகும் எண்ணம் உள்ளவனுக்கு. பி.காம். போகப் போகிறவன் பிடிக்காத இயற்பியலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி மார்க்கை இழந்தால், பி.காம். சீட்டே கைநழுவும். நல்ல கல்லூரிகளில் பி.காம்.-க்கு அடிதடி. அங்கே பார்ப்பது பிளஸ் டூ மார்க்கை. "பாவம், கஷ்டமான குரூப் படித்தவன்" என்று யாரும் கூட்டிப் போடுவதில்லை.

காமர்ஸ் எடுப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. "காமர்ஸ் என்றால் கணக்கு கிடையாது" என்று சந்தோஷப்பட்டு, வணிகக் கணிதம் இல்லாத பிரிவில் சேருபவர்கள் ஏராளம். டில்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்க பிளஸ் டூ-வில் கணிதம் கட்டாயம். நான்காவது பாடம் என்று அலட்சியமாக டிக் அடிக்கிற இடத்தில்தான் பாதை பிரிகிறது. கேட்ட பிரிவு அந்தப் பள்ளியில் இல்லையென்றால், பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்றாவது விசாரிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், எந்த குரூப்புக்கும் திறந்திருக்கிற கதவுகளை யாரும் சொல்வதில்லை. கிளாட் எழுதி ஐந்தாண்டு சட்டம் படிக்கலாம். ஐஐஎம் இந்தூரில் 2011 முதல் பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும்; குவாலிஃபையரில் தேறினால் காமர்ஸ் மாணவனும் உள்ளே.

ஆகவே மக்களே, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் எந்தப் படிப்பு. அடுத்து, அதற்கு எந்தெந்தப் பாடம் கட்டாயம், எந்த மார்க்கைப் பார்க்கிறார்கள். கடைசியாக குரூப். பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: மார்க்கை வைத்து குரூப் பிரிப்பது உங்கள் ரிசல்ட் போர்டுக்கு அழகு. அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்?

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரு பிள்ளை என்ன படித்தது என்று சொல்லும். என்ன படிக்க வேண்டும் என்று சொல்லாது. அதை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.